கரி டப்பாவும் கண்ணாடிக்காரர் மூக்கும்

அந்த வீட்டில் கண்ணாடிக்காரர் பேச்சைக் கேட்கிற ஒரே ஜீவன் அவருடைய கார்தான். திருப்பினால் திரும்பும். நிறுத்தினால் நிற்கும். சில நாள் நிறுத்தாமலேயே நிற்கும். அதையும் ஒரு பணிவு என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

காருக்கு வயது இருபத்தாறு. வாங்கியபோது சிவப்பு. இப்போது என்ன நிறம் என்று கேட்டால், தெருவில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். சாவி எப்போதும் கண்ணாடிக்காரரின் சட்டைப் பையில் இருக்கும். தூங்கும்போதுகூடச் சட்டையைக் கழற்றாமல் தூங்குவார். இரண்டு தெரு தள்ளி இருக்கும் தன் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு நடந்தே போய்விடுவார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மனைவியை மார்க்கெட்டுக்கு அழைத்துப் போகும் அந்த அரை மணி நேரம், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவர் ஒரு ராஜா.

அந்த ராஜ்யத்துக்கும் போன வருஷம் ஆபத்து வந்தது. ஹாரன் சத்தத்தைக் கொஞ்சம் மரியாதையாக்குகிறேன் என்று ஒரு வயரை மாற்றினார். ஹாரன் சரியாக ஆஸ்பத்திரி வாசலில் பிடித்துக்கொண்டது. நாற்பது நிமிஷம் விடவில்லை. உள்ளே மயக்க ஊசி போட்டுப் படுத்திருந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள் என்று கேள்வி.

அன்று இரவே மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"இன்னொரு தடவை அந்தக் காருக்குள்ள கையை விட்டீங்க, சாவி என் கைக்கு வந்துடும். அப்புறம் நான்தான் ஓட்டுவேன். நீங்க பின் சீட்டு."

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"லைசென்ஸ் இருக்கு. மிச்சத்தை ஓட்டிக்கிட்டே கத்துக்கிறேன்."

கண்ணாடிக்காரருக்கு அந்த வாக்கியம் பல நாள் கனவில் வந்தது.

இவ்வளவு தெரிந்தும் மனிதர் ஏன் கையை விட்டார் என்று கேட்கிறீர்களா? எல்லாம் போனில் பார்த்த ஒரு வீடியோவால் வந்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு ஆள் அதில் பேசினான். கண்ணாடி போட்டவன் எது சொன்னாலும் இவருக்கு நம்பிக்கை.

"பழைய கார் வெச்சிருக்கவங்களே! பானெட்டைத் தூக்கிப் பாருங்க. ஓரமா ஒரு கறுப்பு டப்பா இருக்கும். உள்ள வெறும் கரி. கரி எதுக்குங்க காருக்கு? அது உங்க கார் கழுத்துல கட்டின கல்லு. கழட்டி வீசுங்க. வண்டி குதிரை மாதிரிப் பறக்கும்!"

குதிரை பறக்காது என்ற சின்ன விஷயம் கண்ணாடிக்காரருக்கு அப்போது தோன்றவில்லை.

சனிக்கிழமை மனைவி துணி துவைக்கப் பின்பக்கம் போனதும், இவர் ஷெட்டுக்குள் போனார். டப்பா இருந்தது. மூன்று ரப்பர் குழாய், இரண்டு போல்ட். கால் மணி நேரத்தில் கையோடு வந்துவிட்டது. கழுத்தில் கட்டின கல் என்றானே, தூக்கிப் பார்த்தால் ஒரு பப்பாளிப்பழக் கனம்கூட இல்லை. ஆனாலும் கார் பெருமூச்சு விட்ட மாதிரி அவருக்கு ஒரு பிரமை. டப்பாவைச் சட்டைக்குள் மறைத்து, வயிறு முன்பைவிடக் கொஞ்சம் கோணலாகத் தெரிய, உள்ளே கொண்டுபோய்ப் பரண் மேல் இருந்த பழைய சூட்கேஸில் போட்டு மூடினார்.

ஞாயிற்றுக்கிழமை கார் பறக்கவில்லை. எப்போதும் போல உருண்டது. ஆனால் டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்து, வெயிலில் காய்ந்த ஷெட்டுக்குள் நிறுத்தினார் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

ஷெட்டுக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரே சுவர். சுவரில் ஒரு ஜன்னல். மத்தியானம் மனைவி அடுப்பைப் பற்றவைக்க லைட்டரை எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றது.

"என்னங்க... பெட்ரோல் நாத்தம் வரல?"

கண்ணாடிக்காரருக்கு மூக்கு வழியே ஏறி உச்சந்தலை வரை பெட்ரோல். கண்ணே எரிந்தது. ஆமாம் என்று சொல்லியிருந்தால், அடுத்த நிமிஷம் பானெட்டைத் திறப்பாள். திறந்தால் டப்பா இருந்த இடம் பல் விழுந்த வாய் மாதிரி இளிக்கும். சாவி போகும். பின் சீட்டு.

"வரலையே," என்றார்.

"மூக்கைத் துளைக்குதுங்க!"

"எனக்கு ஒண்ணும் தெரியல. உன் மூக்குல ஏதோ கோளாறு."

"நல்லா மோந்து பாருங்க."

அவர் நெஞ்சு நிறைய மோந்தார். ஒரு கணம் சமையலறை சுற்றியது. பாத்திர அலமாரியைப் பிடித்துக்கொண்டு, "சுத்தமான காத்து," என்றார்.

மனைவி லைட்டரைக் கீழே வைத்தாள். "சுவத்துக்கு அந்தப் பக்கம் காரு. இந்தப் பக்கம் அடுப்பு. உங்களுக்குத் தெரியலைன்னா இருக்கட்டும், எனக்குத் தெரியுது. இந்த நாத்தம் போற வரைக்கும் இந்த வீட்ல நெருப்பு பத்தாது."

"அப்போ சாப்பாடு?"

"ரொட்டி இருக்கு. வாழைப்பழம் இருக்கு."

மறுநாள் அவர் சாமர்த்தியமாக ஒரு சென்ட் பாட்டில் வாங்கிவந்து ஷெட் முழுக்கத் தெளித்தார். இப்போது ரோஜாத் தோட்டத்தில் லாரி கவிழ்ந்த மாதிரி இருந்தது. மனைவி ஜன்னலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாத்தமே தெரியாதவரு எதுக்குங்க சென்ட் வாங்கினீங்க?"

"உனக்காகத்தான். உனக்கு நாத்தம் வருதுன்னு சொன்னியே."

"இந்த சென்ட் வாசனையாவது தெரியுதா உங்களுக்கு?"

இங்கேதான் கண்ணாடிக்காரர் யோசித்தார். ரோஜா தெரிகிறது, பெட்ரோல் மட்டும் தெரியவில்லை என்றால் யார் நம்புவார்கள்? ஒரு பொய்யை நிற்கவைக்க ஒன்பது பொய் முட்டுக்கொடுக்க வேண்டும். இதோ முதல் முட்டு.

"எனக்கு... கொஞ்ச நாளாவே எந்த வாசனையும் தெரியறதில்ல."

அவள் முகம் மாறிவிட்டது. அவள் கவலைப்படுவதில் கெட்டிக்காரி. வாசல் கதவு காற்றில் ஆடினாலே கீல் கழன்று யார் தலையில் விழுமோ என்று நினைக்கிறவள்.

"ஐயையோ! இதை ஏங்க சொல்லல? மூக்குக் கண்ணாடி விக்கிறவருக்கு மூக்கே போச்சுன்னா வெறும் கண்ணாடிதானே மிச்சம்? உக்காருங்க. இப்பவே சோதிச்சுப் பாத்துடலாம்."

கடையில் அவர் நாள்தோறும் பிறர் கண்ணைச் சோதிக்கிற முறையை அவள் நூறு தடவை பார்த்திருக்கிறாள். அதே போல ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தாள். துண்டால் கண்ணைக் கட்டினாள். எதிரே ஆறு கிண்ணங்களை வரிசையாக அடுக்கினாள்.

"பெருசுல ஆரம்பிச்சு சின்னதுக்குப் போறேன். தெரியறதைச் சொல்லுங்க. இது?"

அது காப்பிப்பொடி. புதிதாக அரைத்தது. காலையிலிருந்து காப்பி குடிக்காத மனிதர். அவருடைய ஆத்மாவே மூக்கின் நுனிக்கு வந்து நின்றது.

"ஒண்ணுமில்ல," என்றார்.

"இது?"

நறுக்கிய வெங்காயம். கட்டியிருந்த துண்டு நனைந்துவிட்டது.

"ஏங்க, கண்ணீர் வருது?"

"உன் பாசத்தை நெனச்சேன். பொங்கிடுச்சு."

"இதுவா, அதுவா? எது தெளிவா இருக்கு?"

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு."

ஆறாவது கிண்ணத்தில் அவருடைய காலுறை. ஒரு வாரம் போட்டது. கிட்டே வந்ததுமே ஸ்டூலோடு பின்னால் சாயப்போனார்.

"தெரிஞ்சிடுச்சா?" என்றாள் மனைவி, ஆசையோடு.

"இல்ல. ஸ்டூல் கால் ஆடுது."

கண்கட்டை அவிழ்த்தபோது அவள் பெருமூச்சு விட்டாள். "மொத்தமாப் போயிடுச்சு. ஆறுக்குப் பூஜ்யம்."

செய்தி மாடிக்கு ஏறியது. மாடி வீட்டில் ஒரு பாட்டு டீச்சர் இருந்தார். அவர் வீட்டு அலமாரிக்குப் பின்னால் ஒரு எலி செத்து மூன்று நாள் ஆகியிருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு பாட முடியாமல் பாடமே நின்றுபோயிருந்தது. அவர் படியிறங்கி வந்து கைகூப்பினார்.

"அண்ணா, உங்களுக்கு நாத்தமே தெரியாதாமே? எங்க தெரு செஞ்ச புண்ணியம்!"

கண்ணாடிக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் பெருமையோடு தலையாட்டினாள். "போயிட்டு வாங்க. உங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே."

அவர் போனார். எலியை எடுத்தார். முகத்தைச் சுளிக்கக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது, வாந்தியும் எடுக்கக் கூடாது. டீச்சர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அதனால் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தபடி, பூப்பறிக்கிறவர் மாதிரி அதை எடுத்துவந்தார். சுருதி மட்டும் கொஞ்சம் விலகியது.

அதற்குப் பிறகு அவருக்கு ஓய்வில்லை. புதன்கிழமை எதிர் வீட்டுச் சமையலறைத் தொட்டிக் குழாயில் ஆறு மாத அடைப்பு. வெள்ளிக்கிழமை சாக்கடையில் விழுந்து எழுந்த ஒரு நாய். அது அவரைப் பார்த்த நொடியிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை தெருக்கோடி டைப்பிஸ்ட் வீட்டில், பத்து நாள் யாரும் ஊரில் இல்லாதபோது நின்றுபோன ஃபிரிட்ஜ். உள்ளே மீன். கண்ணாடிக் கடைக்கு ஆட்கள் வந்தால், கண்ணுக்குப் பவர் பார்க்க வந்தவர்களா, தங்கள் வீட்டுக் குளியலறைக்குக் கூப்பிட வந்தவர்களா என்று அவருக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தால் ரொட்டி. மனைவி மாடியில் டீச்சரோடு சூடாகச் சாப்பிட்டுவிட்டு ஏப்பத்தோடு இறங்கிவருவாள்.

"எனக்கும் கொஞ்சம் கொண்டுவரக் கூடாதா?"

"வாசனை தெரியாதவருக்கு ருசி எங்கங்க தெரியப்போவுது? பாவம், வீணாப் போகும்னு டீச்சர்தான் சொன்னாங்க."

தினமும் காலையில் அவள் ஜன்னல் பக்கம் போய் மூக்கை நீட்டுவாள். "இன்னும் வருதுங்க. குறையவே இல்ல." அவரும் மோந்துபார்ப்பார். அவருக்கும் வந்தது. குப்பென்று வந்தது. "எனக்குத் தெரியல," என்று சொல்லிவிட்டு ரொட்டியைக் கடிப்பார். சட்டைப் பையைத் தொட்டுப்பார்ப்பார். சாவி இருந்தது. அது போதும். எலி, நாய், மீன் எல்லாம் அந்தச் சாவிக்காகத்தான்.

பன்னிரண்டாவது நாள் அவர் உடைந்துபோனார். நகராட்சியின் பொதுக் கழிவறைக்குப் பொறுப்பாளர் ஒருவர் கடைக்கு வந்து, மாலை போடாத குறையாக அவரை அழைத்தார். அவர் போனதும் கண்ணாடிக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினார். இனிமேல் ஒரே வழி. டப்பாவை மறுபடி மாட்டிவிட வேண்டும். நாத்தம் நிற்கும். அவள் அடுப்பைப் பற்றவைப்பாள். இரண்டு நாள் கழித்து, "ஆகா, காப்பி வாசனை!" என்று தன் மூக்குக்கு உயிர் வந்ததாக அறிவித்துவிடலாம்.

மனைவி மாடியில் இருந்தாள். பரண் மேல் ஏறிச் சூட்கேஸைத் திறந்தார்.

காலி.

ஒரு பழைய பெல்ட்டும் இரண்டு அந்துருண்டையும் கிடந்தன. டப்பா இல்லை. பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தார். காரை எடுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போனார்.

மெக்கானிக் வயதானவர். ஒரு காதில் பென்சில், இன்னொரு காதில் கேட்காது.

"மெக்கானிக், எனக்கு ஒரு பழைய கரி டப்பா வேணும். யாருக்கும் தெரியக் கூடாது."

"எதுக்கு சார் கரி டப்பா?"

"சும்மாதான். அது என்ன பண்ணும், சொல்லுங்க."

"டேங்க்ல பெட்ரோல் சூடாகி ஆவியாகும்ல சார்? அது வெளியில போகாம அந்தக் கரி பிடிச்சு வெச்சுக்கும். அப்புறம் எஞ்சின் ஓடும்போது எஞ்சினுக்கே எரிக்கக் குடுத்துடும். மிச்சம் மீதியைச் சேத்து வெச்சு மறுநாள் சமைக்கிற பொம்பளை மாதிரி. அதைப் போய் சில மடையனுங்க கழட்டிப் போடறானுங்க சார். வீடெல்லாம் நாறும். தீப்பொறி பட்டா ஆபத்து. மைலேஜும் ஒரு மண்ணும் கூடாது."

"மடையனுங்கதான்," என்றார் கண்ணாடிக்காரர் மெல்ல.

மெக்கானிக் பானெட்டைத் தூக்கினார். உள்ளே பார்த்தார். இவரைப் பார்த்தார்.

"சார், டப்பா இங்கதானே இருக்கு?"

கண்ணாடிக்காரர் எட்டிப்பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். இருந்தது. அதே டப்பா. மூன்று குழாயும் ஒழுங்காக மாட்டி, போல்ட் இறுக்கி, சமர்த்துப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"இது... இது எப்போ மாட்டினது?"

"எட்டு நாள் இருக்கும் சார்."

"அவ்வளவு கரெக்டா எப்படிச் சொல்றீங்க?"

"அனுபவம் சார்," என்று மெக்கானிக் வேறு பக்கம் பார்த்தார்.

எட்டு நாள்! அப்படியென்றால் எட்டு நாளாய் ஷெட்டில் நாத்தமே இல்லை. எட்டு நாளாய் அவர் மோந்தது பெட்ரோல் இல்லை, பயம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். மூக்கும் குறுகுறுக்கும் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

கூடவே இன்னொன்றும் தெரிந்தது. "இன்னும் வருதுங்க, குறையவே இல்ல" என்று எட்டு நாளாய் அவள் சொன்னது பச்சைப் பொய்! அடுப்பைப் பற்றவைக்காமல், மாடியில் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டு, இவரை எலி பொறுக்க அனுப்பிய அவ்வளவும் பொய்! அவர் உடம்பில் ரத்தம் புதிதாக ஓட ஆரம்பித்தது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கையும் களவுமாக மாட்டியிருப்பது இதுதான் முதல் தடவை. இதை விடக் கூடாது. சாட்சியோடு பிடிக்க வேண்டும். டப்பாவை மாட்டியது யார் என்று யோசிக்கக்கூட அந்த வேகத்தில் அவருக்குத் தோன்றவில்லை.

"ஏறுங்க வண்டியில," என்றார் மெக்கானிக்கிடம்.

"எதுக்கு சார்?"

"சாட்சி சொல்ல!"

வீட்டுக்கு வந்ததும் மெக்கானிக்கைச் சமையலறைக்கே அழைத்துப்போனார். மாடியைப் பார்த்து, "டீச்சர்! நீங்களும் வாங்க!" என்று குரல் கொடுத்தார். மனைவியும் டீச்சரும் இறங்கி வந்தார்கள். கண்ணாடிக்காரர் ஸ்டூலை இழுத்து நடுவில் போட்டார்.

"உக்காரு."

மனைவி உட்கார்ந்தாள். "என்னங்க ஆச்சு? முகமெல்லாம் செவந்திருக்கு. பிரஷரா? தண்ணி வேணுமா?"

"தண்ணி அப்புறம். இப்ப நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. பெட்ரோல் நாத்தம் வருதா, வரலையா?"

"வருதுங்க."

"நல்லா மோந்து பாத்துச் சொல்லு."

அவள் மோந்தாள். "நல்லாவே வருது."

"நேத்து வந்ததா?"

"வந்ததுங்க."

"முந்தாநேத்து?"

"தெனமும்தான் வருது. உங்களுக்குத்தான் தெரியாதே."

கண்ணாடிக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வக்கீல் போல ஒரு நடை நடந்தார். சமையலறை சின்னது. இரண்டு எட்டில் முடிந்துவிட்டது. திரும்பினார்.

"மெக்கானிக், சொல்லுங்க. கார்ல கரி டப்பா இருக்கா?"

"இருக்குங்க சார்."

"நல்லா இருக்கா?"

"நல்லாவே இருக்குங்க."

"அது இருந்தா பெட்ரோல் நாத்தம் வருமா?"

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "வராதுங்க."

"கேட்டீங்களா டீச்சர்!" கண்ணாடிக்காரர் குரல் கூரையில் இடித்துத் திரும்பியது. "நாத்தமே இல்ல! இவ சொன்னது அத்தனையும் பொய்! முதல் நாலு நாள் அடிச்சுது, ஒத்துக்கிறேன். மூக்கைத் துளைச்சுது, தலை சுத்துச்சு, இல்லைன்னு சொல்லல. ஆனா டப்பாவை மறுபடி மாட்டி எட்டு நாள் ஆச்சு! எட்டு நாளா ஒரு சொட்டு நாத்தம் கிடையாது! இப்ப என்ன சொல்றே?"

டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மெக்கானிக் காதிலிருந்த பென்சிலை எடுத்து, அதில் ஏதோ எழுதியிருப்பது போலப் படிக்க ஆரம்பித்தார். தூக்கிய கையைக் கண்ணாடிக்காரர் இறக்கவில்லை. தான் என்ன பேசினோம் என்பது அவர் காதுக்கே இப்போதுதான் ஒவ்வொரு சொல்லாக வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

மனைவி மெதுவாக எழுந்து அவர் சட்டைப் பைக்கு முன்னால் கையை நீட்டினாள்.

"மாட்டச் சொன்னது நான்தாங்க. கழட்டினது யாருன்னு மட்டும் உங்க வாயால கேக்கணும்னு இருந்தேன். பின் சீட்டைத் தொடைச்சு வெச்சிருக்கேன், போய் உக்காருங்க."